போண்டா சாப்பிட்டதா

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறிய ஓர் அம்மாள் மடியில் கண்ணாடிப் பெட்டி வைத்திருந்தார். உள்ளே, மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி போட்ட பல்லி. அது என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது.* விசாரிக்க வெட்கப்பட்டுக்கொண்டு தண்டையார்பேட்டையில் இறங்கிவிட்டேன். விசாரித்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

(* நம் வீட்டுப் பல்லிகளுக்கு இமை கிடையாது. இந்த வகைக்கு உண்டு, ஆனால் சுவர் ஏறத் தெரியாது.)

2

அந்த அம்மாளுக்குப் பெர்சிஸ் என்று பெயர் வைத்தேன். ராயபுரத்தில் பாத்திரக்கடை.

‘தனிமையில் வாடிய பெர்சிஸ், ஜன்னல் வழியே துறைமுகத்தை...’

வேண்டாம். அவள் வாடுகிற ஆள் இல்லை.

மகள் ஜெமிமா வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபோது, ஆசையாய் வளர்த்த பல்லி போண்டாவை அம்மாவிடம் விட்டுப்போனாள்.

“கிறிஸ்மஸுக்கு வருவியாடி?”

“போண்டாவப் பாக்கவாச்சும் வருவேன்மா.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். பெர்சிஸுக்குச் சுருக்கென்றது. மகள் போன நாளிலிருந்து போண்டா எதையும் தொடவில்லை. கொழுத்த வால் மெலிந்துகொண்டே வந்தது. இது செத்துப்போனால் அவள் எதற்கு வருவாள்? போனில் மட்டும் “நல்லா சாப்பிடுது” என்று பெர்சிஸ் புளுகிக்கொண்டிருந்தாள்.

3

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா எட்டிப் பார்த்தாள்.

“இன்னாக்கா, ஒரு பல்லிக்குப் போயி பேஜாராயிகினு கீறே? எங்க வூட்டு செவுத்துல எத்தினியோ கீது. நான் இன்னா ஊட்டிவுட்டுகினா கீறேன்?”

(முதல் பிரதியில் இவள் வைத்தியம் சொன்னாள். எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

4

பெர்சிஸ் பெட்டியைத் திறந்து, இடுக்கியில் பிடித்த சில்வண்டைப் போண்டாவின் மூக்கருகே நீட்டினாள். அந்த வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் ஒரு கவளம் வாயில் வைத்ததில்லை. பல்லிக்கு மட்டும் ஏன் பண்ணவில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

“ஆண்டவரே, இது கொஞ்சம் தின்னட்டும். எம்புள்ள வரட்டும்.”

கண்ணை மூடிக்கொண்டாள். ஒருவர் ஜெபிக்கும்போது முழித்துப் பார்ப்பது மரியாதையில்லை. நானும் மூடிக்கொண்டேன்.

ஆமென்.

இடுக்கி காலி. பெட்டி திறந்தே கிடந்தது. போண்டா ஒருமுறை சிமிட்டியது.

5

முடிவு ஒன்று: தின்றுவிட்டது. முடிவு இரண்டு: சில்வண்டு தப்பிவிட்டது. பார்த்தவர் யாருமில்லை, என்னையும் சேர்த்து.

போன் அடித்தது.

“அம்மா, போண்டா சாப்ட்டானா?”

பெர்சிஸ் முதல்முறையாகப் புளுகவில்லை. “தெரியலடி. நீயே வந்து பாரு.”

மறுமுனையில் ஜெமிமா ஏதோ சொன்னாள். எழுதிக்கொள்ளலாம் என்று காதைத் தீட்டினேன். அந்த நேரம் பார்த்தா என் அலமாரிக்குப் பின்னால் ஒரு சில்வண்டு கத்த வேண்டும்!

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொன்னாள், உங்களுக்குக் கேட்டதா?