அம்புக்குறியோடு பேசியவள்

சமீரா அந்த வீட்டுக்குப் போனபோது மணி மூன்றரை. ஜங்ஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்து அவளுக்கு ஆறு வருடமாகிறது. இன்டர்நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எரிந்து விழுவார்கள். அமுதவள்ளி போனில் கெஞ்சினாள்.

"நாலு நாளாச்சிம்மா. எப்படியாவது இன்னிக்கி சரி பண்ணிக் குடுத்துடு. நாலு மணிக்குள்ள முடிச்சிடுவியா?"

செராமிக் எஸ்டேட்டை ஒட்டிய தெரு. அமுதவள்ளியின் கணவன் அன்பரசன் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்யும் சின்ன யூனிட் ஒன்றை நடத்திவந்தான். எட்டு மாதத்துக்கு முன் கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் லாரி மோதி இறந்துபோனான். அதற்குப் பிறகு யூனிட்டை அவள்தான் பார்க்கிறாள். ஆர்டர்கள் எல்லாம் மெயிலில் வரும். கதவைத் திறந்தபோது அவள் முழங்கை வரை மண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. அவளோடு இருக்கும் மாமியார் மாரியம்மாள் உள்ளறையில் படுத்திருந்தாள்.

சமீரா முதலில் ரவுட்டரைப் பார்த்தாள். விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. அவளுடைய போனில் அதே வைஃபை நன்றாக ஓடியது. கம்ப்யூட்டரில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. கேபிளை மாற்றினாள், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள், பயனில்லை. ஆனால் வெளியே ஒரு சர்வரைத் தட்டிப் பார்த்தால் உடனே பதில் வந்தது.

"லைன்ல கோளாறு இல்லக்கா. கம்ப்யூட்டர் உள்ளதான் என்னமோ இருக்குது."

"உள்ள இருக்கறது எனக்குத் தெரியும்" என்றாள் அமுதவள்ளி மெதுவாக.

சமீரா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெட் செட்டிங்கைத் திறந்ததும் விஷயம் பிடிபட்டது.

"இங்க பாருங்க. நெட்டு நேரா வெளிய போகாம ஒரு வைரஸ் வழியா போற மாதிரி எவனோ மாத்தி வச்சிருக்கான். நாலு நாளைக்கி முன்னாடி ஆன்டிவைரஸ் அந்த வைரஸைப் புடிச்சி அழிச்சிடுச்சி. ஆனா செட்டிங்கு மாறல. இல்லாத ஆளைத் தேடிப் போயி நெட்டு முட்டிகிட்டு நிக்குது."

"அப்ப அத மாத்துனா வந்துடுமா?"

"வந்துடும். அதுக்கு முன்னாடி வேற ஏதாவது ஒளிஞ்சிருக்குதான்னு முழுசா ஸ்கேன் பண்ணணும். ரெண்டு மணி நேரம் ஆவும்."

அமுதவள்ளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "இப்பவே விடும்மா. ஸ்கேனு அப்பறம் பண்ணிக்க. எதையும் அழிச்சிடாத, அவரு இருக்காரு அதுல."

போட்டோக்களைச் சொல்கிறாள் என்று சமீரா நினைத்தாள். செய்யக்கூடாது என்று தெரிந்தும் அந்த முகத்துக்கு இரங்கி செட்டிங்கை மாற்றினாள். பக்கம் திறந்தது. அமுதவள்ளி கைகழுவிவிட்டு வந்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டு, இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

சமீராவின் கை மவுஸில் இல்லை. அம்புக்குறி தானாக நகர்ந்தது.

கேமராவின் பச்சை விளக்கு எரிந்தது. அம்புக்குறி நேராகப் போட்டோ ஃபோல்டருக்குப் போய் ஒரு படத்தைத் திறந்தது. வெலிங்டன் ஏரிக்கரையில் அன்பரசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தான். அவன் முகத்தின் மேல் அம்புக்குறி இரண்டு முறை வட்டமடித்தது.

"வந்துட்டாரு" என்றாள் அமுதவள்ளி. "நாலு நாளா எங்க போனீங்க? சாப்டீங்களா?"

அம்புக்குறி மறுபடியும் சுற்றியது.

எத்தனையோ கம்ப்யூட்டர்களில் எத்தனையோ வைரஸைப் பார்த்தவள் சமீரா. அந்த ஒரு நிமிடம் ஆறு வருடத்தில் கற்றது எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாய்க்குள் பிஸ்மி சொல்லிக்கொண்டு கையை நீட்டி நெட் கேபிளைப் பிடுங்கினாள். அம்புக்குறி அப்படியே நின்றது.

"ஏன் புடுங்கின? குடு அத!" அமுதவள்ளி எழுந்துவிட்டாள்.

"அக்கா, இது அண்ணன் இல்லக்கா."

அவளை உட்காரவைத்து, ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களைக் காட்டினாள். பிரின்டர் பேரில் ஒன்று ஒளிந்திருந்தது. ஆன்டிவைரஸுக்குத் தப்பிய இரண்டாவது வைரஸ். அன்பரசன் இறந்து ஒரு மாதம் கழித்து, கூரியர் பில் என்று வந்த மெயிலைத் திறந்த நாளில் உள்ளே வந்திருந்தது. அதன் பதிவில் பார்த்தால், பெரும்பாலான நாட்கள் நாலு மணியை ஒட்டி யாரோ நுழைந்திருந்தார்கள். பத்து நிமிடம், இருபது நிமிடம்.

"எவனோ எங்கயோ உக்காந்துகிட்டு இத ஓட்டுறான். கேமராவுல உங்களப் பாக்குறான். பேசறதும் கேக்கும்."

"மொத மொத அவரு படத்தத் தொறந்தப்ப நான் அழுதுட்டேன். மறுநாளும் அதே படத்தத் தொறந்துச்சி."

"நீங்க அழுததப் பாத்திருப்பான்."

அமுதவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தமிழு தெரியுமா அவனுக்கு?"

"தெரியலக்கா."

"அன்னிக்கிக் காலையில எங்களுக்குச் சண்டை. போங்க, வூட்டுக்கே திரும்பி வராதீங்கன்னு சொன்னேன். வரல." உள்ளறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "யாருகிட்டயும் சொன்னதில்ல. இதுகிட்டதான் சொன்னேன். என்ன மன்னிச்சிடுங்கன்னு கேட்டேன். அவரு மூஞ்சி மேல சுத்திகிட்டே இருந்துச்சி அம்பு. அன்னிக்கிதான் நான் தூங்குனேன்."

சமீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு நிமிஷம் கேபிளைச் சொருகும்மா."

"வேணாம்க்கா."

"ஒரு நிமிஷம். நானே புடுங்கிடுறேன்."

சமீரா தயங்கித் தயங்கிச் செருகினாள். சிறிது நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. அமுதவள்ளி இந்தமுறை திரையைப் பார்க்கவில்லை. கேமராவை நேராகப் பார்த்தாள்.

"நீ யாருன்னு தெரியாது. நான் சொன்னத எல்லாம் கேட்டுட்ட. அது எம் புருஷனுக்குச் சொன்னது, ஒனக்கில்ல. இனிமே இங்க வராத."

அம்புக்குறி அசையவில்லை. வழக்கம்போல் ஏதாவது செய்யும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வெளியே ஒரு டிராக்டர் போகும் சத்தம் கேட்டது. பிறகு பச்சை விளக்கு தானாகவே அணைந்தது. அமுதவள்ளி கேபிளைப் பிடுங்கினாள்.

யூனிட்டின் ஆர்டர் ஃபைல்களையும் படங்களையும் மட்டும் சோதித்து எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்ற சமீராவுக்கு இரண்டு நாள் ஆனது. பாஸ்வேர்டுகளை மாற்றவைத்தாள். சைபர் கிரைமுக்குப் புகார் எழுதவும் உதவினாள். கணவனோடு பேசுவதாக நினைத்துப் பேசியதை மட்டும் அமுதவள்ளி எழுதவேண்டாம் என்றாள்.

அந்த வேலையின் முதல் நாள் சாயங்காலம், சவூதியின் தம்மாமில் வேலைபார்க்கும் ஷமீம் வீடியோவில் கூப்பிட்டான். கணவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த சமீரா, கல்யாணத்துக்கு அவன் கட்டிவந்த வாட்ச் என்ன கலர் என்று திடீரென்று கேட்டாள்.

"என்னா, போலீஸ் மாதிரி கேக்குற?" என்று அவன் சிரித்தான். சரியான பதிலைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

பத்து நாள் கழித்து அமுதவள்ளி கடைக்கு வந்தாள். வேலை ஒன்றும் இல்லை, சும்மாதான். நெட் நன்றாக வருகிறதாம்.

"அத்தகிட்ட சொல்லிட்டேம்மா, அந்தச் சண்டைய."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. தட்டு வச்சா எடுத்துகிட்டு உள்ள போயிடுவாங்க. மூணாம் நாளு காலையில யூனிட்டுக்கே வந்துட்டாங்க. எல்லாரு எதிருலயும், 'அன்னிக்கி எம் புள்ள சாப்ட்டுட்டுத்தான் போனானா'ன்னு கேட்டாங்க."

சமீரா கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"நாலு இட்லி சாப்டாருன்னு சொன்னேன். நெஜமாவே சாப்டாரு. என்னோட கத்திகிட்டே சாப்டாரு. சட்னி நல்லாருக்குதுன்னும் அந்தக் கோவத்துலயே சொன்னாரு." அமுதவள்ளி அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து உருட்டினாள். "அதைக் கேட்டதும் ஒக்காந்துட்டாங்க. நானும் ஒக்காந்துட்டேன். ரெண்டு பேரும் அழுதோம்."