எதுக்குச் சரி?

மனைவி பெட்டியோடு கிளம்பிப் போன பிறகுதான், தான் எதற்குச் சரி சொன்னோம் என்று சரியண்ணன் யோசிக்க ஆரம்பித்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இவர் விஷயத்தில் கெட்டது காது. அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரியண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. கூல்டிரிங்ஸ் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. கண்ணாடி பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும் இடத்தில் நின்று, விரிசல் விட்டதையும் மூடி கோணலாக விழுந்ததையும் பொறுக்கி எடுப்பது அவர் வேலை. அந்த இரைச்சலில் யார் வந்து எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். "அண்ணே, டீ சொல்லவா?" "சரி." "அண்ணே, நாளைக்கு என் ஷிஃப்டைப் பாத்துக்கறீங்களா?" "சரி." "அண்ணே, மணி என்ன?" "சரி." மூன்றாவதுக்குத்தான் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், எதற்கென்று தெரியாமலே.

இதில் பெரிய சாமர்த்தியம் இருப்பதாக அவருக்கு நினைப்பு. கேட்கவில்லை என்றால் கிழவன் என்பார்கள். இன்னொரு தரம் சொல்லு என்றால் செவிடன் என்பார்கள். சரி என்று சொன்னால் நல்ல மனுஷன் என்பார்கள். உலகத்தில் முக்கால்வாசிக் கேள்விக்குச் சரி பொருந்திவிடுகிறது. மிச்சத்தைச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்.

அன்று காலை அவர் கண்ணாடி முன் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவி ஏதோ கேட்டாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவர் காதில் விழுந்தது ஒரு 'ஓ', அப்புறம் கேள்வியாக மேலே ஏறுகிற ஒரு 'மா', அவ்வளவுதான். சாப்பாடு போடட்டுமா என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். காலை நேரத்தில் வேறு எதைக் கேட்கப் போகிறாள். "சரி" என்றார். குழாய் நின்றது. சற்று நேரம் கழித்து அவள் வாசற்படியில் வந்து நின்று அவரை ஒரு மாதிரி பார்த்தாள். தட்டு வரவில்லை. மறந்துவிட்டாள் போல என்று அவரே போட்டுச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மாலையில் வந்தால் வீடு பூட்டியிருந்தது. அலமாரியில் அவள் புடவைகள் இருந்த தட்டு காலி. கம்பளிப் போர்வையையும் காணோம். இது வெயில் காலம். வெயில் காலத்தில் கம்பளியை எடுத்துக்கொண்டு போகிறவள் நாளைக்கே திரும்பி வரப் போகிறவள் இல்லை என்பது அவருக்கே புரிந்தது.

மகளுக்கு ஃபோன் போட்டார். மகள் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவள், அதனால் அவளிடம் அவருக்குச் சிரமம் இல்லை.

"அம்மா பெரியம்மா வீட்டுல இருக்காங்கப்பா. நல்லாத்தான் இருக்காங்க."

"என்னம்மா ஆச்சு?"

"என்னையா கேக்கறீங்க? அம்மா கேட்டாங்களாம், நீங்க சரின்னீங்களாம். சரின்னு சொல்லிட்டு இப்ப என்ன ஆச்சுன்னு கேட்டா என்ன அர்த்தம்?"

என்ன கேட்டாள் என்று அவர் அப்போதே கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அதைக் கேட்டால், காதில் விழாமலே பதில் சொன்னது வெளியே தெரிந்துவிடும். "அது வந்து... ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இதே வேலையாகிவிட்டது. பல் தேய்க்கும்போதும், பாட்டில் பொறுக்கும்போதும், அந்த 'ஓ'வுக்கும் 'மா'வுக்கும் நடுவில் எழுத்துகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். போடட்டுமா. போகட்டுமா. ஓடட்டுமா. கொடுக்கட்டுமா என்றால் கணக்கு இடித்தது. அக்கா வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டிருப்பாளோ? அக்கா வீட்டுக்குப் போக அவள் என்றைக்கு இவர் உத்தரவைக் கேட்டாள்? வேறு ஏதோ பெரிதாகக் கேட்டிருக்கிறாள். அதற்கு இவர் தலையாட்டியிருக்கிறார். யோசிக்க யோசிக்க அவருக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை அவர் நினைத்துப் பார்த்ததே கிடையாது.

மனசு தாங்காமல், கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டரிடம் சொல்லிவிட்டார். ஃபிட்டர் அவருக்கு ரொம்ப நாள் பழக்கம், காதோடு வாய் வைத்துப் பேசுகிற ஆள்.

"பொண்டாட்டி என்ன கேட்டாங்கன்னே தெரியாம சரி சொன்னீங்களா? அண்ணே, முதல்ல போய்க் காதைக் காட்டுங்க. அப்புறம் அவங்களைப் பாக்கலாம்."

"என் காதுக்கு என்ன? நல்லாத்தான் கேக்குது."

ஃபிட்டர் இரண்டடி தள்ளி நின்று ஏதோ முனகிவிட்டு, "இப்ப நான் என்ன சொன்னேன்?" என்றார்.

"சரி" என்றார் சரியண்ணன்.

ஃபிட்டர் நச்சரித்து அனுப்பிய காது பார்க்கும் இடத்தில், சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்கார வைத்தார்கள். சோதனை செய்கிற பெண் அவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். "சத்தம் வந்தா அமுக்குங்க ஐயா. ரொம்ப லேசா கேட்டாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கனத்த கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

உள்ளே அவருக்குத் தான் எச்சில் விழுங்குவது கேட்டது. அப்புறம் எப்போதும் போல ஒரு மெல்லிய 'ஈ...' கேட்டது. அமைதி என்றாலே அந்தச் சத்தம்தான், எல்லோருக்கும் அது அப்படித்தான் கேட்கும் என்று அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். 'பூம்' என்று ஒன்று வந்தது, அமுக்கினார். இன்னொன்று வந்தது, அமுக்கினார். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்ணோ மும்முரமாகத் திருகிக்கொண்டிருக்கிறாள். ஒரு பிள்ளை இவ்வளவு கஷ்டப்படுகிறதே என்று இவர் ஒரு தரம் அமுக்கினார். அப்புறம் இன்னொரு தரம்.

கதவு திறந்தது. "ஐயா, நான் இப்ப சத்தமே கொடுக்கலையே. எதுக்கு அமுக்குனீங்க?"

"நீங்க கொடுத்து, எனக்குத்தான் விழலையோன்னு நெனச்சேன்மா."

"விழலைன்னா ஏன் அமுக்குனீங்க?"

"ஒரு மரியாதைக்குத்தான்."

அவள் சிரிக்கவில்லை. பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அடுத்து ஒரு காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு வார்த்தைகள் சொன்னாள், இவர் திருப்பிச் சொல்ல வேண்டும். 'மாமா' வந்தது. 'அண்ணன்' வந்தது. 'பட்டம்' என்றதற்குக் 'கட்டம்' என்றார். 'சாவி' என்றதற்குக் 'காவி' என்றார். ஒன்றுக்கும் தயங்கவில்லை. எல்லாவற்றையும் பிரமாதமாகச் சொல்லிவிட்டோம் என்ற தெம்போடுதான் வெளியே வந்தார்.

மேஜையில் ஒரு கட்டம் போட்ட காகிதம் இருந்தது. அதில் ஒரு கோடு நேராகப் போய், திடீரென்று பள்ளத்தில் இறங்கியிருந்தது. பள்ளத்தின் பக்கத்தில் எழுபது என்று போட்டிருந்தது.

"எழுபதா? பரவாயில்லையே" என்றார்.

"இது மார்க் இல்லைங்க ஐயா. இதுல ஜீரோ வாங்கணும்."

"ஜீரோன்னா சத்தமே இல்லைன்னுதானே அர்த்தம்?"

"அதான் இல்ல. நல்லாக் கேக்கற சின்ன வயசுக்காரங்க நெறைய பேரைச் சோதிச்சு, அவங்க காதுல விழற ஆகக் கம்மியான சத்தத்துக்கு ஜீரோன்னு பேரு வெச்சாங்க. அதுக்குக் கீழயும் சத்தம் இருக்கு. மைனஸ்ல கேக்கறவங்களும் இருக்காங்க."

ஒன்றுமில்லாததற்கும் கீழே போய் ஒருவன் எதைக் கேட்பான் என்று அவருக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவள் கண்டுபிடித்துவிட்டாள் போலிருக்கிறது, வேகத்தைக் குறைத்தாள்.

"சத்தத்தை அளக்கற டெசிபெல் கூட்டல் கணக்குல ஏறாது ஐயா. பத்து ஏறுனா சத்தத்தோட பலம் பத்து மடங்கு. இன்னொரு பத்து ஏறுனா நூறு மடங்கு. எழுபதுக்குப் போனா ஒரு கோடி மடங்கு. ஜீரோல கேக்கறவங்களுக்குப் போதுமான சத்தம் ஒரு கோடி மடங்கு பெருசானாத்தான், இந்த எடத்துல உங்களுக்குக் கேக்க ஆரம்பிக்கும்."

"அப்ப நான் செவிடா?"

"கீழ்ச்சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதே. கீச்சுனு மேல இருக்கறதுதான் போயிருக்கு. பாட்டில் சத்தத்துல நின்னே போயிருக்கு. அதனால, பேசறாங்கன்னு உங்களுக்குக் கேக்கும். என்ன பேசறாங்கன்னு கேக்காது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "வல்லினம் மெல்லினம் படிச்சிருப்பீங்களே?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் சொன்ன மாதிரியே "கசடதபற வல்லினமாம்" என்றார்.

"பேருதான் வல்லினம். சத்தத்துல அதுங்கதான் நோஞ்சான். உயிரெழுத்து உங்களுக்கு விழுது, மெல்லினம் விழுது. கசடதபறல பாதிக்கு மேல விழறதில்ல. அந்த எடத்துல நீங்களே ஒண்ணைப் போட்டு நிரப்பிக்கறீங்க."

"எத்தனை நாளா?"

"நாளா? நாலஞ்சு வருஷமாவது இருக்கும்."

வெளியே வந்தபோது சரியண்ணன் ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தார். காது மெஷின் வைக்க மறுபடி வரச் சொல்லியிருந்தாள், அது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. குற்றவாளி அவர் இல்லை, கசடதபற. அதற்குக் கட்டம் போட்ட சாட்சியும் கையில் இருக்கிறது. இதைக் காட்டினால் மனைவி கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிடுவாள். அப்படியே நேராக அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினார்.

அக்காதான் கதவைத் திறந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மனைவி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவர் பேச்சே இல்லாமல் காகிதத்தை அவள் மடியில் வைத்தார்.

"என்ன இது?"

"என் காது. எனக்கு ஒரு கோடி வேணுமாம்."

"யார் தருவாங்க?"

அவர் தனக்குப் புரிந்த வரையில் சொன்னார். ஜீரோவையும் மைனஸையும் குழப்பினார். கசடதபறவை மட்டும் சரியாகச் சொன்னார். "அதனால, அன்னிக்கு நீ என்ன கேட்டேன்னே எனக்குத் தெரியாது. சாப்பாடு போடட்டுமான்னு கேட்டேன்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "இருக்கட்டுமா, போகட்டுமான்னு கேட்டேன்."

"அதுக்கா சரின்னேன்?"

"ஆமா. இருன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன். போன்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். சரின்னா நான் என்னங்க பண்றது? நான் பத்து வார்த்தை பேசுனா நீங்க ஒரு வார்த்தை. சுவத்தோட குடும்பம் நடத்தற மாதிரி இருந்துச்சு. அதான் அன்னிக்குக் கேட்டேன்."

"கேக்கலம்மா. சத்தியமா காதுல விழல."

அவள் முகம் இளகியது. லேசாகச் சிரித்தாள்கூட. காகிதத்தை எடுத்து அந்தப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நாலஞ்சு வருஷம் இருக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு."

அவள் சிரிப்பு போய்விட்டது. "அப்ப நாலஞ்சு வருஷமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

அவர் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. சாட்சி என்று கொண்டுவந்த காகிதம் எதிர்க்கட்சிக்குப் போய்விட்டது.

"எங்கம்மா இறந்து போன பிறகு, ஒரு நாள் பஸ்ஸுல வரும்போது உங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

பஸ் ஞாபகம் இருந்தது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே வெளியே பார்த்தபடி நீளமாக ஏதோ சொன்னாள், கடைசியில் அழுதாள். இவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி, விடுன்னு சொன்னீங்க. யார்கிட்டயும் சொல்லாததை உங்ககிட்ட சொன்னேன். நீங்க அதைப் பெருசா எடுத்துக்கல, விடுன்னுட்டீங்க. அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தூங்கறேன். அதுவாவது கேட்டுச்சா?"

கேட்டது என்று சொன்னால் போதும். அவள் கிளம்பிவிடுவாள், பெட்டி அதோ மூலையில்தான் இருக்கிறது. அவள் நிம்மதியும் கெடாது. அப்படிச் சொல்வதுதான் தர்மம் என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் என்ன சொன்னாள் என்றே தெரியாமல் ஒரு ஆளை இன்னும் எத்தனை வருஷம் தேற்றுவது? எது சரி, எது தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

"கேக்கல" என்றார். "நீ அழுதது மட்டும் தெரிஞ்சுது. அதான் அப்படிச் சொன்னேன்."

அவர் செருப்பைத் தேடி எழுந்திருக்கலாமா என்று பார்த்தார். அதற்குள் அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். ஒரு ஸ்டூலை இழுத்து, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழுகிற மாதிரி அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என் வாயைப் பாருங்க" என்றாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அம்மா அன்னிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. நான் பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன். எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. அலுப்பா இருந்துச்சு, கேக்காத மாதிரி படுத்துக்கிட்டேன். மூணாவது தடவை கூப்பிடல."

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை அவருக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட்டது. என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.