பனிக்குடத்தில் நாலு சென்டிமீட்டர்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. என் மைத்துனன் வீட்டில், என் கண்ணெதிரே நடந்தது. முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: “வறண்ட நதியின் மடியில் ஒரு சிறு மீன்...”

(அடித்துவிட்டேன். ஒருத்தியின் வயிற்றில் பனிக்குட நீர் குறைந்தால் எழுத்தாளனுக்கு நதி ஞாபகம் வருகிறது. வெட்கங்கெட்ட ஜென்மம்.)

2

மைத்துனன் மனைவி கணக்கு டீச்சர். இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாக முப்பத்தாறு வாரத்தை எட்டியிருந்தாள். ரத்த அழுத்தம் வேறு. அன்று காலை ஸ்கேனில் நீரின் அளவு நாலு சென்டிமீட்டர். ஐந்துக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. “இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க, குழந்தைய எடுத்துடலாம்” என்றிருந்தார் டாக்டர். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தாள். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியே காத்திருந்தது. அதன் முதல்வர் என் மனைவி, அதாவது அவளுடைய நாத்தனார்.

“தண்ணி கொறஞ்சா தண்ணி குடி. இதுக்குப் போயி வயித்தக் கிழிப்பாங்களா?”

“அண்ணி, காலையிலேர்ந்து ரெண்டு தடவதான் அசைஞ்சிருக்கு.”

“தூங்குதோ என்னமோ. நீ ஏன் அதையே எண்ணிக்கிட்டிருக்க?”

கணவன் (இந்தப் பாத்திரத்தை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன், நீக்கினாலும் கதையில் எதுவும் குறையாது) போனைத் தடவியபடியே சொன்னான்: “ரெண்டு நாள் பாப்போமே. அக்கா சொல்றதும்...”

அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

3

என் மனைவி நான்காவது டம்ளரை நீட்டினாள். டீச்சர் அதை வாங்கி அப்படியே மேஜைமேல் வைத்தாள். வயிற்றில் கைவைத்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம். அசைவே இல்லை. ஸ்கேன் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“ஆஸ்பத்திரிக்கு. வர்றவங்க வரலாம்.”

இவர்கள் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் டாக்சி தெருமுனை தாண்டிவிட்டது. சம்மதப் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். உள்ளே தொப்புள்கொடி நசுங்கி, குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. “இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா...” என்று டாக்டரும் பாதியில் நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, மகள் உயிரோடு வீடு வந்து சேர்ந்தாள்.

(அடிக்குறிப்பு: “நான் குடுத்த தண்ணிதான் காப்பாத்துச்சு” என்று என் மனைவி இன்றும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாள்.)

4

முடிவு. நான் சட்டென்று எழுந்து, “கெளம்பும்மா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்று சொன்னதாக எழுதினேன். அழகாகத்தான் வந்திருந்தது. டீச்சரிடம் படிக்கக் கொடுத்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுவதையும் படித்தாள்.

“அண்ணா, அன்னிக்கு நீங்க சோபாவுல பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க. பக்கத்தக்கூடத் திருப்பல.”

பத்தியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள். பேனாவை என்னிடமே நீட்டினாள்.

அதற்குமேல் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீங்கள் அந்த சோபாவில் இருந்திருந்தால் எழுந்திருப்பீர்களா? உண்மையை மட்டும் எழுதுவதாக இருந்தால், இந்தாருங்கள் பேனா.