மக்னோலியாவின் பன்னிரண்டாவது மொட்டை

மக்னோலியா இறகுப் போர்வையோடு ஒயிலாக நடந்து வந்து, எதிராளிக்கு முத்தம் கொடுத்து, தோற்றுப் போவார். பச்சூகா நகரத்து மல்யுத்த அரங்கில் இதற்குத்தான் கூட்டம். இப்படி ஒயிலாக நடக்கும் ஆண்கள் இன்னும் நாலு பேர் உண்டு. அவர்களுக்கெல்லாம் வீட்டில் மனைவி, பிள்ளைகள். இவர் மட்டும், "எனக்கு இது வேஷமில்ல, ஆம்பளைங்களத்தான் பிடிக்கும்" என்று வானொலியில் சொல்லிவிட்டார். அதன் பிறகு பத்தொன்பது ஆண்டுகளில் பதினோரு பந்தயச் சண்டை, பதினோரு மொட்டை.

பந்தயம் எளிது. முகமூடிக்காரன் தோற்றால் முகமூடியைக் கழற்றி, சொந்தப் பெயர், ஊர், எத்தனை வருட அனுபவம் என்று மைக்கில் சொல்ல வேண்டும். முகமூடி இல்லாதவன் தோற்றால் நடு மேடையிலேயே மொட்டை. யார் தோற்பது என்பதை முதலாளி தோன் எலாடியோ முந்தைய வாரமே முடிவு செய்துவிடுவார். வியர்வை மட்டும் நிஜம்.

இந்த முறை மக்னோலியா அவர் முன்னால் போய் நின்றார். "நாப்பத்தாறு வயசாச்சு, முதலாளி. ஒரே ஒரு முகமூடி. முத்தம் கித்தம் இல்லாம, சண்ட போட்டு ஜெயிக்கணும்."

முதலாளி நெற்றியில் சிலுவை போட்டு, அரங்கின் பெரிய முகமூடிக்காரர் ஒபிஸ்போவின் ஊதா முகமூடியைத் தருவதாகச் சத்தியம் செய்தார்.

ஒபிஸ்போ ஒத்துக்கொள்ளவில்லை. "அவன்கிட்ட தோத்துட்டு எம் பசங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அதனால் சண்டைக்கு ஒரு மணி நேரம் முன்பு அந்த ஊதா முகமூடியை எனக்கு மாட்டினார்கள். நான் கணக்கியலில் மூன்றாம் ஆண்டு. மல்யுத்தத்தில் மூன்றாம் வாரம்.

"தோத்துட்டு மூஞ்சியக் காட்டு, போதும்," என்றார் முதலாளி. "அடுத்த ஞாயித்துக்கிழம ஒபிஸ்போ வந்து, அது எவனோ போலின்னு சொல்லிருவான்."

"மக்னோலியா அண்ணனுக்குத் தெரியுமா?"

"உனக்கு மேடை ஏறணுமா, வேணாமா?"

ஏறினேன்.

முதல் பிடியிலேயே மக்னோலியா கண்டுபிடித்துவிட்டார். கழுத்தை இறுக்கியபடி காதருகே கேட்டார்: "யாருடா நீ? பேனா பிடிச்ச கையா இருக்கு."

"நிக்கானோர், அண்ணே."

"காலேஜ் பையனா? அந்த நாய் எங்க?"

"வீட்டுல. தலைவலியாம்."

கூட்டம் "முத்தம்! முத்தம்!" என்று கத்தியது. அடுத்த பத்து நிமிடம் என்னை மாவு மாதிரிப் பிசைந்தார். அவ்வளவு அழகான மல்யுத்தத்தை அந்த அரங்கு பார்த்ததில்லை. பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. கடைசியில் என்னைத் தலைக்கு மேல் தூக்கிக் கிடத்தி மேலே விழுந்தார். நடுவர் தரையைத் தட்டி எண்ணினார்; மூன்று வரை தோள் தரையில் கிடந்தால் தோல்வி. ஒன்று, இரண்டு. மூன்றுக்கு முன்னால் மக்னோலியாவே என் தோளைத் தூக்கிவிட்டார்.

"என்னண்ணே பண்றீங்க? நான்தான் தோக்கணும்!"

"உன் மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது? மேல ஏறிப் படு."

"முதலாளி கொன்னுடுவாரு."

"படுடா."

படுத்தேன். நடுவர் திகைத்துப்போய் மூன்று எண்ணினார்.

நாற்காலி வந்தது. பாதி மொட்டையில் மக்னோலியா மைக்கைக் கேட்டு வாங்கினார். முடியைப் பறிகொடுத்தவன் பெயர் சொல்லும் வழக்கமில்லை. "இலாரியோ கெச்சோல். ஊரு அப்பிசாக்கோ. இருபத்திநாலு வருஷம்..." முதலாளி கையசைத்ததும் மைக் அணைந்தது. மிச்சத்தை முடிவெட்டுகிறவரிடம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு ஒபிஸ்போ, தலைவலி குணமாகி, மேடையேறினார். மக்னோலியாவின் முடியைத் தூக்கிக் காட்டி, தன்னந்தனியாக அவரை அடக்கிய கதையைச் சொன்னார். அரங்கே எழுந்து நின்று கைதட்டியது. வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நானும் தட்டினேன். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.