கல் கிடந்த தொட்டில்

அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குக் கப்பல். பெட்டி கட்டுவதா, பாத்திரம் விற்பதா என்று வீடு கிடந்த அலங்கோலத்தில் தங்கம்மாள் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள்: ஆற்றுக்கு அக்கரையில், சிரியம் ஊருக்கு அப்பால் வயல்காட்டில் இருக்கிற பழைய மாதா கோயிலுக்குப் போயே தீர வேண்டும். அவள் கணவர் லூர்து எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். ரங்கூன் துறைமுக ஆபீசில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டி ஓய்வுபெற்ற மனிதருக்குச் சாக்குக்கா பஞ்சம்? ஒன்றும் பலிக்கவில்லை.

காரணம் இருவருக்கும் தெரியும். கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்காமல் இருந்தபோது, பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அந்தக் கோயில் வாசல் புளியமரத்தில் தங்கம்மாள் தன் கல்யாணச் சேலையில் ஒரு முழம் கிழித்துத் தொட்டில் கட்டினாள். அவர்கள் ஊரான நாகப்பட்டினத்துப் பக்கம் அது வழக்கம். பிள்ளைக்குப் பதிலாக ஒரு கல்லைத் தொட்டிலில் கிடத்தி வேண்டிக்கொள்வார்கள். பிள்ளை பிறந்ததும் பெற்றவளே வந்து அவிழ்க்க வேண்டும். அவளுக்கு அவிழ்க்கிற நாள் வரவேயில்லை. இப்போது தலையும் நரைத்துவிட்டது. தன் கையாலேயே அதை அவிழ்த்து, இனி இல்லையென்று மனசைத் தேற்றிக்கொண்டு கப்பலேற வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

இன்னொரு முள்ளும் இருந்தது. அன்று தொட்டில் கட்டும்போது லூர்து சிரித்தார். மாதாவுக்கு நம் வீட்டு விலாசம் தெரியுமா என்று கேலி வேறு. அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவரில்லை. அவள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்ட நாளெல்லாம் அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொட்டிலில் வைத்த கல்லும் இவரும் ஒன்றுதான் என்று அவள் எப்போதோ முடிவுகட்டிவிட்டாள்.

ரங்கூனின் போட்டாதாங் துறையில் சம்பான் படகு ஏறினார்கள். முதல்முறை போனபோதும் இதே துறைதான். அன்று வழியெல்லாம் அவித்த கடலையை லூர்து உரித்து உரித்து அவள் கையில் போட்டுக்கொண்டே வந்தார். படகுக்காரன் என்னவோ பர்மியப் பாட்டு இழுத்தான். அவள் புரியாமலே சிரித்தாள். என்ன வயசு அது! இப்போது அவர் குடையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்க்கரையைப் பார்த்திருந்தார். கடலை வாங்க இருவருக்கும் தோன்றவில்லை.

அறுப்பு முடிந்த வயல் நடுவே மாட்டுவண்டி இறக்கிவிட்டது. பறங்கிக்காரன் கட்டி முந்நூறு வருஷம் ஆயிற்று என்பார்கள். பத்துப் பேர் முழங்காலிட்டால் நிறைந்துபோகிற சின்னக் கோயில். கூரை அப்போதே கிடையாது. இப்போது ஒரு சுவரை அரசமர வேர் அணைத்துப் பிடித்திருந்தது. பீடத்தின்மேல் வெயில் அடித்தது. தங்கம்மாள் புல்லில் முழங்காலிட்டு ஜெபம் முடித்து, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு புளியமரத்துக்கு வந்தாள்.

வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மரம் முழுக்கத் தொட்டில். பச்சை, சிவப்பு, கட்டம் போட்ட லோஞ்சிக் கைலித் துணி என்று கிளைக்குக் கிளை தொங்கியது.

பக்கத்துக் குடிசையிலிருந்து சுருட்டும் கையுமாக ஒரு பர்மியக்காரி வந்தாள். டோ மியா என்று பேர். அன்றைக்கு வேடிக்கை பார்க்க நின்றவள், லூர்திடம் இது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டவள். தங்கம்மாளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் கட்டிப் போன மறுமாதமே நானும் கட்டினேன், பெண் பிறந்தது, அப்புறம் ஊரே கட்ட ஆரம்பித்துவிட்டது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். தங்கம்மாளின் கடைத்தெரு பர்மிய பாஷைக்கு அவ்வளவும் விளங்கியது. பிள்ளை பிறந்தால் அவிழ்க்க வேண்டும் என்பது மட்டும் அந்த ஊரில் எவருக்கும் தெரியாது. பிறந்த சந்தோஷத்தில் இன்னொன்று கட்டுவார்களாம்.

"உங்கள் துணி மழையில் இற்றுப்போச்சு. வருஷா வருஷம் நான்தான் புதுசு மாத்துறேன். கல்லு மட்டும் அதே கல்லு," என்று கீழ்க்கிளையைக் காட்டினாள்.

தங்கம்மாள் தொட்டிலுக்குள் கைவிட்டு எடுத்தாள். அன்று லூர்து கோயில் சுவரோரம் பொறுக்கிக் கொடுத்த அதே செங்கல் துண்டுதான். மறுகை முடிச்சுக்குப் போயிற்று.

அப்போதுதான் குடிசை வாசலில் நின்ற சின்னப்பெண் கண்ணில் பட்டாள். அடுத்த ஊர்க்காரியாம், கட்டிக்கொடுத்து ஐந்து வருஷம், இன்று தொட்டில் கட்ட வந்திருக்கிறாள். கையில் மடித்த துணி இருந்தது. முகத்தைப் பார்த்ததும் தங்கம்மாளுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. கண்ணாடியில் எத்தனை நாள் பார்த்த முகம் அது. டோ மியா அவளைக் கிட்டே இழுத்து, முதல் தொட்டில் கட்டிய அம்மா இவர்தான் என்று காட்டிவிட்டுத் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன பிறந்தது? தமீயா?" பெண்ணா என்று கேட்கிறாள்.

இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் துணியை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். இருக்கிறது என்றால் அது பொய். பொய்யென்றால் லூர்துக்கு ஆகாது. கடைக்காரனிடம் பேரத்துக்குச் சொல்கிற பொய்யைக்கூட அங்கேயே திருத்துகிற மனிதர். அவர் பக்கம் திரும்பவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஆமாம், தமீதான்," என்றார் லூர்து பர்மிய பாஷையில். "ரத்தினம்மாள்னு பேரு. வர்ற மார்கழிக்குப் பதினஞ்சு முடியுது. அம்மா மாதிரியே பிடிவாதம்."

ரத்தினம்மாள். அவர் வாயில் அந்தப் பெயரைத் தங்கம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் வீட்டிலும் அவள் வீட்டிலும் அந்தப் பெயரில் யாரும் கிடையாது. வயசை அவர் யோசித்தும் சொல்லவில்லை, விரல்விட்டும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த மனிதர் ஒரு மகளை வளர்த்திருக்கிறார்.

அந்தச் சின்னப்பெண் துணியை விரித்துக் கிளை தேட ஆரம்பித்தாள்.

லூர்து குடையைக் கீழே வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். தங்கம்மாள் முடிச்சை விட்டாள். கல்லைத் திரும்பவும் தொட்டிலில் கிடத்தி, அவர் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள். இருவருமாக ஒருமுறை ஆட்டிவிட்டார்கள்.