கரண்டியைக் கீழே போடுங்க

பேருந்து நிலையத்தில் வண்டிகள் வந்து புறப்படும் நேரத்தைக் குறித்து வைப்பது அவளுடைய வேலை. ஓட்டுநர்கள் வைத்த பெயர் நிமிஷக்காரி. அன்று விடுப்பு எடுத்திருந்தாள். ஒன்றரை வயது மகளுக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். பதினொரு மணிவாக்கில், மடியில் கிடந்த குழந்தையின் கண்கள் மேலே செருகின. உடம்பு விறைத்தது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

அவள் முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஏழு. பிறகு குழந்தையைத் தரையில் இறக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

"பிள்ளை துடிக்குது, மகராசி மணி பார்க்கிறா!" கணவனின் அக்கா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். "நாக்கைக் கடிச்சுக்கும். வாயைத் திறடி."

"கரண்டியைக் கீழே போடுங்க, அண்ணி."

"போன தடவை காப்பாத்தினது நானில்லாம வேற யாராம்?"

போன தடவை, மூன்று மாதத்துக்கு முன், புதிதாக முளைத்த முன்பல் அந்தக் கரண்டியில் உடைந்தது. டாக்டர் யாரையும் திட்டவில்லை. "காய்ச்சல்ல வர்ற வலிப்பு பெரும்பாலும் தானா நின்னுடும். வாயில எதையும் வைக்காதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றார். அண்ணியைத் தடுக்க அன்று இவளுக்கு வாய் வரவில்லை. உடைந்த பல்லைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தியது தன்னுடைய அந்த ஊமைத்தனம்தான்.

அண்ணியின் கை நீண்டது. இவள் அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"இன்னொரு அடி வச்சீங்கன்னா மரியாதை பார்க்க மாட்டேன்."

குழந்தையின் கடைவாயிலிருந்து எச்சில் தரையில் வழிந்தது. உதடு நீலம் பாரித்தது. ஆனாலும் அண்ணியின் மணிக்கட்டில் இவள் பிடி தளரவில்லை. பதினொன்று எட்டு. ஒன்பது. பத்தாகும் முன்னே கை கால்கள் துவண்டன. குழந்தை நீளமாக மூச்சிழுத்து, சிணுங்கி, அப்படியே உறங்கிப்போனது. மூச்சு சீராக வருகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காக்கா வலிப்பு," அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "வெளியே மூச்சு விட்டுடாதே. பொட்டப் பிள்ளை."

"இது காய்ச்சல் வலிப்பு. அது வேற, இது வேற. அதுவாவே இருந்தாலும் ஒளிச்சு வைக்க என்ன இருக்கு?"

"திங்கக்கிழமை குழந்தைகள் காப்பகத்துல புதுசா விடணுமே. சொன்னா சேர்த்துப்பாங்களா?"

அந்தப் பயம் இவளுக்கும் இருந்தது. சேர்க்காவிட்டால் வேலைக்குப் போக முடியாது. ஆனால் சொல்லாமல் விட்டால், அங்கேயும் யாராவது கரண்டியோடு ஓடிவருவார்கள்.

அரைமணி கழித்துக் குழந்தை விழித்து "ம்மா" என்றது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அண்ணிக்கும் கேட்கும்படி காப்பகத்துக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

காப்பகத்து அம்மா தயங்கினாள். "எங்களால பொறுப்பு ஏத்துக்க முடியுமான்னு தெரியலைம்மா..."

"ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், மணி பார்க்கணும். அவ்வளவுதான். உங்க ஆயாங்களுக்கு நானே வந்து செஞ்சு காட்டறேன். உங்ககிட்ட இருபது குழந்தைங்க இருக்கு. சொல்லாம மறைச்ச வீடு அதுல எத்தனையோ!"

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது.

"சனிக்கிழமை பத்து மணிக்கு வாங்க."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "செருப்பை மாட்டுங்க, அண்ணி. டாக்டர்கிட்ட நீங்களும் வர்றீங்க. அவர் சொல்றதை உங்க காதாலயே கேளுங்க."