வெறுங்கழுத்துப் படம்

அலை படகைப் புரட்டிப் போட்டதில் மீனவன் அரசு முதுகெலும்பு நொறுங்கி, செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தான். சீக்கிரம் ஆபரேஷன் செய்தால்தான் நடப்பான் என்று சொல்லிவிட்டார்கள். கையில் காசில்லை. கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் அவன் தங்கை சுஜாதாதான், முகம் தெரியாதவர்களிடம் உதவி கேட்கலாம் என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, அண்ணி யோகேஸ்வரியைப் படம் பிடித்தாள்.

போட்டோ என்றால் திருவிடந்தைக் குப்பத்தில் யார் நைட்டியோடு நிற்பார்கள்? ஆள் பாதி ஆடை பாதி. யோகேஸ்வரி கல்யாணப் பட்டைக் கட்டி, பூ வைத்து, கவரிங் தாலிச் சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அசல் சங்கிலி அடகுக்குப் போய் வெகுநாளாகிறது.

ஒரு பைசா வரவில்லை. பக்கத்தைப் பார்க்க வந்தவர்களெல்லாம் வேறு யாராவது கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதல் ஆளாக ஏமாற யாருக்குத்தான் மனசு வரும்? கழுத்தில் மின்னுகிறதே, அதை விற்றால் ஆகாதா என்று ஒரு புண்ணியவான் எழுதிவைத்தான். அதற்கு ஆமாம் போட மட்டும் ஆள் வரிசையாக வந்தது.

பதில் சொல்ல யோகேஸ்வரிக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் பஸ் ஏறி இறங்கியே ஓய்ந்துபோயிருந்தாள். சுஜாதா அவளைப் பழைய சேலையில் உட்காரவைத்து இன்னொரு படம் எடுத்தாள். படத்திலிருந்த சங்கிலியைப் போனிலேயே விரலால் தேய்த்து அழித்தாள்.

"கய்த்துலேர்ந்தா கய்ட்றேன்? போட்டோல தான அண்ணி."

"இன்னாவோ பண்ணு," என்றாள் யோகேஸ்வரி.

அந்தப் படத்தை ஏற்றிவிட்டு, சுஜாதாவே முதலில் கொஞ்சம் பணம் போட்டாள். பின்னாலேயே ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டார்கள். ஆபரேஷனுக்கென்று கீழே எழுதியிருந்ததைப் படிக்காமலே, பாவம், இந்த வயதிலேயே தாலியறுத்துவிட்டாளே என்று பலர் எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் முக்கால்வாசி சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் குப்பமே வாசலில் நின்றது. சாவு விழுந்தால் அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்று ஒரு படகும் இறங்கவில்லை. படம் எல்லார் போனிலும் சுற்றியிருந்தது. பக்கத்து வீட்டுப் பார்வதம் மாலையைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கழுத்துச் சங்கிலி கையில் பட்டதும் அழுகை அப்படியே நின்றுவிட்டது.

அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி முடிப்பதற்குள் யோகேஸ்வரிக்கு நா வறண்டது. அதற்குள் அரசே போன் செய்தான். அவனும் பார்த்திருந்தான். படத்தை எடுத்துவிடச் சொல்லட்டுமா என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"இருக்கட்டும்டி. இன்னும் கொஞ்சந்தான பாக்கி கீது? அது சேர்ற வரிக்கும் நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

யோகேஸ்வரி கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் இறக்கிவிட்டுக்கொண்டாள்.